1,200 ரூபாய் நின்றுவிடும் என்று பயந்து பி.எஃப். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். வயது 36, பத்தாவது பாஸ். கணவர் விட்டுப் போய் எட்டு வருடம் ஆகிறது. கைவிடப்பட்டோர் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய் வருகிறது, அதோடு தக்காளி பறிக்கும் கூலி. இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் 14,000 சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், வேன் ஊருக்கே வரும். பி.எஃப். நம்பர் விழுந்தால் ஓய்வூதியம் கட் ஆகிவிடும், பிடித்தம் இல்லாமல் கையில் வாங்கிக்கொள் என்று ஊரில் சொல்கிறார்கள். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டாள். அவளையும் வேனில் ஏற்றிவிடு என்கிறார் என் அண்ணன். என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, வேலைக்குப் போங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் கேட்டு வாங்குங்கள். மகளை வேனில் ஏற்றாதீர்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 1,200. எட்டு வருடம் தனியாளாகத் தாக்குப்பிடித்தவருக்கு, மாதா மாதம் கைரேகை வைத்து வாங்கும் அந்தப் பணம் எவ்வளவு பெரிய பிடிமானம் என்று எனக்குத் தெரியும். தக்காளி விலை போகாமல் ரோட்டோரம் கொட்டும் மாதத்தில் கூலியும் இருக்காது, அந்த மாதமும் இது மட்டும் வந்திருக்கும். அதனால்தான் விடப் பயமாக இருக்கிறது. ஆனால் அது வருமானம் இல்லாதவர்களுக்கான ஓய்வூதியம், மாதச் சம்பளம் வந்துவிட்டால் அது உங்களுக்கு உரியது இல்லை, இதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. முதல் சம்பளம் வந்ததும் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய உத்தரவு நகலைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கே வேலை போனால் மறுபடி விண்ணப்பிக்க அது வேண்டும்.

நிறைய பேர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 2023-ல் வகுத்த விதிப்படி குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நம் தொப்பூரில்தான் அதன் பதிவு முகாமையே தொடங்கி வைத்தார்கள், ஞாபகம் இருக்கும். ஓய்வூதியம் வாங்குகிறீர்கள் என்பதால் இதுவரை உங்களுக்கு அது கிடைத்திருக்காது. 14,000 சம்பளம் என்றால் வருடத்துக்கு 1,68,000 தான், வரம்புக்குள்ளேயே இருக்கிறீர்கள். ஓய்வூதியம் நின்ற பிறகு, புது விண்ணப்பம் வாங்கும்போது போடுங்கள். மற்ற விதிகளும் பொருந்திக் கிடைத்துவிட்டால் மாதம் 1,000 வரும், அப்போது நிஜமாக நீங்கள் இழப்பது 200 ரூபாய்.

சரி, இப்போது பி.எஃப். முழு 14,000-க்கும் 12 சதவீதம் பிடித்தால் 1,680, இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் என்று 105, ஆக கைக்கு 12,215 வரும். 1,785 ரூபாய் போச்சே என்றுதான் முதல் மாதம் தோன்றும். ஆனால் அந்த 1,680 உங்கள் பணம், உங்கள் கணக்கில்தான் இருக்கிறது, அதற்குச் சமமாக இன்னொரு 1,680-ஐ கம்பெனி போடுகிறது, அதில் 1,166 ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். பத்து வருடம் சர்வீஸ் முடித்தால் 58 வயதில் அதிலிருந்து பென்ஷன். வேலையில் இருக்கும்போது உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மகளுக்கு 7 லட்சம் வரை காப்பீடும் இதே பி.எஃப்.போடு சேர்ந்து வருகிறது, அதற்கு உங்களிடம் ஒரு பைசா பிடிப்பதில்லை. கையில் காசாக வாங்கினால் இத்தனையும் போச்சு. "பிடித்தம் வேண்டாம்" என்று சொன்னால் லாபம் யாருக்கு என்று யோசியுங்கள், உங்களுக்காகப் போட வேண்டிய பணம் அவர்களுக்கு மிச்சம்.

இ.எஸ்.ஐ.யை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000. இந்தச் சம்பளத்தில் நீங்கள் அதைத் தாண்டிவிடுவீர்கள். அந்த இடத்தை நிரப்புவது இ.எஸ்.ஐ.தான், 105 ரூபாய்க்கு உங்களுக்கும் மகளுக்கும் சேர்த்து வைத்தியம். சேரும்போதே மகள் பெயரையும் பதிந்துவிடுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டுதான் ஞாபகம் வரும்.

பி.எஃப். நாமினி இடத்திலும் கவனம். கணவர் பெயரைப் பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள். திருமணமான பெண், கணவரைத் தன் குடும்பத்திலிருந்து நீக்கும்படி பி.எஃப். ஆணையருக்கு எழுதிக் கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு மகளை நாமினி ஆக்குங்கள். வேலையில் சேரும் முன் கேட்க வேண்டியது இன்னொன்று: கம்பெனி ஆளாக எடுக்கிறார்களா, கான்ட்ராக்ட் மூலமாகவா, சம்பளச் சீட்டு கொடுப்பார்களா, இரவு ஷிஃப்ட் உண்டா. ராயக்கோட்டை வழியாகப் போய் வரவே தினமும் மணிக்கணக்கில் ஆகும், அதை உடம்பு தாங்குமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முடியாது என்று பட்டால் தர்மபுரியில் இந்தியன் வங்கியின் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது, தையல் மாதிரியான பயிற்சிகள், சாப்பாட்டோடு இலவசம். அரசு ஐ.டி.ஐ.யில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது, மாதம் 750 உதவித்தொகையும் உண்டு, பத்தாவது பாஸ் போதும். உங்களுக்கும் படிக்க ஆசை இருந்தால் அது இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் வீட்டில் ஒருவர்தான் சம்பாதிக்க முடியும் என்ற நிலையில், இந்த மூன்று வருடம் படிக்க வேண்டியது மகள்.

அண்ணன் நல்லதுக்குத்தான் சொல்கிறார், ஆனால் கணக்கு தப்பு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியிலோ, பாலிடெக்னிக்கிலோ, ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 அவள் கணக்கிலேயே வரும், இதற்குக் குடும்ப வருமான வரம்பு கிடையாது, நீங்கள் வேலைக்குப் போனாலும் நிற்காது. வேலையும் பார்த்துக்கொண்டு தபாலில் டிகிரி படிக்கட்டும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தொலைதூரப் படிப்புக்கு இந்தப் பணம் இல்லை. காரிமங்கலம் அரசு மகளிர் கல்லூரி உங்களுக்குப் பக்கம், டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. பதினெட்டு வயதில் வேனில் ஏறிய பிள்ளைகள் திரும்பக் கல்லூரிக்கு வந்து நான் பார்த்தது மிகக் குறைவு, வரன் பேச்சும் உடனே ஆரம்பித்துவிடும்.

விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். அதற்கு மகள் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும், உங்கள் கணக்கு உதவாது. இல்லையென்றால் இந்த வாரமே கூட்டிப்போய்த் திறந்துவிடுங்கள், ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் அவள் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அதற்கு முன் ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.