2023-ல் பெங்களூருவில் சென்ட்ரிங் வேலையில் கை போன என் மாமாவுக்கு நஷ்டஈடு உத்தரவாகிவிட்டது. "ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போவோம், பாதியை வாங்கிக்கொண்டு முடியுங்கள்" என்கிறது கட்டுமான கம்பெனி. என்ன செய்வது?

பாதித் தொகைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஸ்ரீராமபுரத்தில் கட்டடத் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்தவர்கள் இதே மிரட்டலோடு அடிக்கடி வருகிறார்கள். ஹைகோர்ட் என்றதுமே வீட்டில் எல்லாரும் கலங்கிவிடுகிறார்கள். எனக்கு ஆத்திரமாக வரும்.

விபத்து 2023-ல் நடந்தது என்கிறீர்கள். அப்படியானால் 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்தான் பொருந்தும். அதன் 30ஆம் பிரிவுப்படி, உத்தரவான தொகையை, நஷ்டஈட்டுக்கு உத்தரவிட்ட ஆணையரிடம் கட்டி, அதற்கான சான்றிதழையும் வைத்தால்தான் முதலாளியின் அப்பீலே நிற்கும். அப்பீலுக்குக் கெடு 60 நாள். அதோடு, முக்கியமான சட்டக் கேள்வி ஒன்றும் இருக்க வேண்டும். எவ்வளவு ஊனம், எவ்வளவு வருமானம் போனது என்பதெல்லாம் சட்டக் கேள்வி அல்ல, ஆணையர் ஆதாரம் பார்த்து முடிவு செய்வது. ஒரு வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஊன விகிதத்தைக் குறைத்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உண்மைகளைப் பொறுத்தவரை ஆணையர் சொன்னதே கடைசி என்றது.

"ஒரு கைதானே போனது, எப்படி 100 சதவீத ஊனம்?" என்றும் கேட்பார்கள். 1975-லேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. இடது கையை இழந்த ஒரு தச்சரின் வழக்கு அது. ஒற்றைக் கையால் தச்சு வேலை முடியாது, எனவே முழு ஊனம்தான் என்று தீர்ப்பு. சென்ட்ரிங் ஆளுக்கும் இதே நியாயம்தானே?

மேஸ்திரிதான் வேலைக்கு வைத்தார் என்ற பேச்சும் எடுபடாது. 12ஆம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்துவிட்டு, வேண்டுமானால் மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல் உண்டு. கட்டிய பணத்தை அப்பீல் முடியும்வரை ஆணையர் நிறுத்தி வைக்கலாம். அப்படி நடந்தால், ஒரு பகுதியையாவது விடுவிக்கும்படி ஹைகோர்ட்டில் மனு போடச் சொல்லுங்கள். மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்புச் செலவு எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். உத்தரவில் 12 சதவீத வட்டி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் வக்கீலிடம் உடனே சொல்லுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் ஹைகோர்ட் சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பியுங்கள். ஆணையர் உத்தரவின் சான்றிட்ட நகல், ஊனச் சான்றிதழ் இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள்.