நடு எஞ்சின் காரில் ரேடியேட்டரின் சூடான காற்றைப் பானெட் வழியாக மேலே விடலாமா?

கேட்டவரின் நிலைமை இது: எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர் மூக்கில். ரேடியேட்டரைத் தாண்டும் சூடான காற்று காருக்கு அடியில் இறங்கிப் போகிறது. வெயில் காலத்தில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. பானெட்டை வெட்டி அந்தக் காற்றை மேலே விட்டால் சரியாகுமா, வெட்டுவதென்றால் எங்கே வெட்டுவது?

விடலாம். சரியான இடத்தில் வெட்டினால் நிச்சயம் பலன் உண்டு. தப்பான இடத்தில் வெட்டினால் முன்பு இருந்ததைவிட மோசமாகும். ஒரே காரில் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மதுரை பழங்காநத்தம் பக்கம் என் மாமாவுக்கு டிங்கரிங் பட்டறை. அவரும் நானும் இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் உழைத்து இரண்டு சீட்டு கார் ஒன்று கட்டினோம். குழாய் சேஸிஸ், பழைய மாருதி எஸ்டீமின் 1298 சிசி எஞ்சின், 85 குதிரைத்திறன். முன்சக்கரத்தை இழுத்த எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அப்படியே தூக்கி சீட்டுக்குப் பின்னால் உட்கார வைத்தோம். மூக்கும் பானெட்டும் ஃபைபர். கடை வாசலில் நிற்கும் பொம்மைகள் செய்யும் ஒரு பட்டறையில் அச்சு எடுத்தது. முன் கண்ணாடி உண்டு, கூரை கிடையாது. ரோட்டில் ஓட்டுவதற்கான கார் இல்லை. சின்ன லாரியில் ஏற்றிக் கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டு போவோம். மாருதி எஞ்சினை ஓட்டுபவருக்குப் பின்னால் வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவர்தன் பெயரில் அமைந்த டிராக் அது. அங்கே போகும்போதெல்லாம் மாமா நுழைவாயிலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

முதல் முறை போனபோது நாலாவது சுற்றிலேயே கூலன்ட் 108 டிகிரி. ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தம் வரை பிடித்து வைப்பதால் அந்த வெப்பத்தில் கொதிக்காது, ஆனாலும் ஒரு எஞ்சினை அப்படி ஓட்டக்கூடாது. காரை நிறுத்திவிட்டோம்.

பானெட்டைத் தொடுவதற்கு முன்னால் ஏர் லாக் இருக்கிறதா என்று பாருங்கள். நடு எஞ்சின் கார்களில் கூலன்ட் குழாய் எஞ்சினிலிருந்து மூக்கு வரை தரைக்கு அடியில் போய்த் திரும்ப வேண்டும். அவ்வளவு நீளத்தில் எங்காவது காற்று தங்கிவிட்டால் ரேடியேட்டர் பாதிதான் வேலை செய்யும். டொயோட்டா எம்ஆர்2 காரில் காற்றை வெளியேற்றவே தனித்தனி இடங்கள் வைத்திருக்கிறார்கள். நாங்கள் மூக்கை ஜாக்கியில் தூக்கி வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டரின் மேல் மூலையில் இருக்கும் திருகைத் திறந்து, குமிழி நிற்கும்வரை காத்திருந்து மூடினோம். நாலு டிகிரி இறங்கியது. நல்லதுதான், ஆனால் போதவில்லை.

இனி காற்றுக்கு வருவோம். ரேடியேட்டருக்குள் காற்று புகுவதற்குக் காரணம், முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். முன்னால் எவ்வளவு பெரிய வாய் வைத்தாலும் பின்னால் வழி இல்லையென்றால் காற்று உள்ளே வராது, மூக்கைச் சுற்றிக்கொண்டு போய்விடும். காருக்கு அடியில் விடும்போது இன்னொரு தொல்லையும் சேர்கிறது. அங்கே கூடுதலாகக் காற்றைத் திணித்தால் முன்பக்கம் மேலே தூக்கும். நடு எஞ்சின் காரில் எடை பெரும்பாலும் பின்னால்தான், முன் சக்கரங்கள் ஏற்கெனவே லேசு. வேகத்தில் ஸ்டியரிங் காற்றில் மிதப்பதுபோல் இருக்கும். பானெட் வழியாக மேலே விட்டால் வெப்பமும் இறங்கும், முன் சக்கரமும் தரையைப் பிடிக்கும். ஃபோர்டு ஜிடி40 மூக்கின் மேல் இருக்கும் இரண்டு பெரிய திறப்புகள் அதற்காகத்தான். பிரான்ஸில் நடந்த 1966 லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் மூன்று இடத்தையும் பிடித்த கார் அது. 1996-ல் வந்த லோட்டஸ் எலிஸிலும் ரேடியேட்டரைப் படுக்க வைத்துச் சூட்டை மேலேதான் விடுகிறார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் முதலில் தப்பான இடத்தில்தான் வெட்டினேன். பானெட்டின் பின்பாதி, கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால். பார்க்க அழகாக இருந்தது, உள்ளே குறுக்குச் சட்டமும் இல்லை, வெட்டுவது சுலபம். திருமங்கலம் பக்கம் இன்னும் மனை விற்றுத் தீராத ஒரு லேஅவுட்டில், உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, உள்ளே இருக்கும் நேரான தார்ச்சாலையில் ஓட்டிப் பார்த்தோம். முள் இறங்கவே இல்லை, இரண்டு டிகிரி ஏறியது. விளக்குத்தூண் பக்கம் வாங்கிய சிவப்பு உல்லன் நூலை விரல் நீளத்துக்கு வெட்டித் திறப்பைச் சுற்றி ஒட்டினேன். மாமா பக்கத்து சீட்டில் இருந்து எட்டிப் பார்த்தார். நாற்பதைத் தாண்டியதும் நூல் எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கின. "மாப்ள, காத்து அங்கிட்டுப் போகலடா, இங்கிட்டு வருது" என்றார்.

காரணம் எளிது. கண்ணாடியின் அடிவாரத்தில் காற்று முட்டி நிற்கிறது, அங்கே அழுத்தம் அதிகம். வழக்கமான கார்களில் உள்ளறைக்குக் காற்று எடுக்கும் துவாரத்தை அந்த இடத்தில் வைப்பதும் அதனால்தான். சூட்டை வெளியே விட வேண்டிய நான், காற்று உள்ளே வரும் இடத்தைத் திறந்து வைத்திருந்தேன்.

அடுத்த வெட்டை எங்கே போடுவது என்று பானெட்டைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து மனையில் காம்பவுண்டு சுவர் கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் வேலையை நிறுத்திவிட்டு வந்து, "எதைண்ணே அளக்கணும்?" என்று கேட்டார். காற்றின் அழுத்தம் எங்கே கம்மி என்று பார்க்க வேண்டும் என்றேன். தன்னுடைய டியூப் மட்டத்தை நீட்டினார். மட்டம் பார்க்கத் தண்ணீர் ஊற்றிப் பிடிப்பார்களே, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் அந்த பிளாஸ்டிக் டியூப். "அழுத்துற பக்கம் தண்ணி இறங்கும்ல, பாத்துக்கங்க" என்றார். இரண்டு வருடமாகக் காரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவில்லை.

அதை இப்படிச் செய்யுங்கள். டியூபை யு வடிவில் வளைத்து ஒரு பிளைவுட் பலகையில் கட்டுங்கள். நடுவில் ஸ்கேல். பாதி உயரத்துக்குத் தண்ணீர், இரண்டு சொட்டு நீல மை. பலகை காரின் குறுக்குவாட்டில் நிற்க வேண்டும், அப்போதுதான் வேகம் கூட்டும்போதும் பிரேக் போடும்போதும் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாயாது. ஒரு முனையை ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் அறைக்குள் விடுங்கள், நேராக விசிறிக் காற்று படாத மூலையில். இன்னொரு முனையில் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் மெல்லிய டிரிப்ஸ் டியூபைச் சொருகிப் பானெட் மேல் காற்றின் திசையிலேயே படுக்க வைத்து டேப் போட்டு ஒட்டுங்கள். அதன் நுனியை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டுப் பக்கவாட்டில் ஊசியால் இரண்டு மூன்று துளை போடுங்கள். நுனி திறந்து காற்றைப் பார்த்தபடி இருந்தால் மோதும் வேகத்தைத்தான் காட்டும், அந்த இடத்தின் அழுத்தத்தைக் காட்டாது. பக்கத்தில் இருப்பவர் பலகையைப் பார்க்கட்டும், ஓட்டுபவர் ரோட்டை மட்டும் பார்க்கட்டும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முழுமையாக முட்டி நின்றால் சுமார் 16 மில்லிமீட்டர் தண்ணீர் உயரும். சின்ன அளவுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியும். வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்கு. பழைய திறப்பை டேப் போட்டு மூடிவிட்டு எட்டு இடங்களில் அளந்தோம். கண்ணாடிக்கு முன்னால் அறையைவிடப் பானெட்டின் மேல்தான் அழுத்தம் அதிகம், 3 மில்லிமீட்டர். மூக்கு வளைந்து பானெட்டாக மாறும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், அதாவது முன்பக்க மூன்றில் ஒரு பங்கில், அறையைவிட மேலே அழுத்தம் 8 மில்லிமீட்டர் கம்மி, நமக்குச் சாதகம். கண்ணால் பார்த்தால் இரண்டு இடமும் ஒரே வழவழப்பான ஃபைபர்தான். அன்றைக்கு மாமா ஸ்கெட்ச் பேனாவால் பானெட் மேலேயே எண்களை எழுதினார். அந்த எண்களை இன்னும் அழிக்கவில்லை.

பழைய ஓட்டையை ஃபைபர் போட்டு அடைத்தோம். அடுத்த ஞாயிறு புது இடத்தில் வெட்டினோம், ஒன்றாக இல்லாமல் இடமும் வலமுமாக இரண்டு, ஒவ்வொன்றும் 30க்கு 15 சென்டிமீட்டர். நடுவில் மூடியே விட்டதற்குக் காரணம் உண்டு. கூரை இல்லாத காரில் நடுவில் திறந்தால் சூடு நேராக முகத்துக்கு வரும். முன் வாய் 700 சதுர சென்டிமீட்டர், வெளியேறும் வழி 900. சூடான காற்று விரிவதால் வழி கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். திறப்பின் முன் விளிம்பில் 12 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தகடு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தினோம். அது மேலே வரும் காற்றைத் தூக்கிவிடுவதால் அதன் நிழலில் அழுத்தம் இன்னும் குறையும். ரேடியேட்டரின் தலையை முன்பக்கம் சாய்த்தோம், பின்முகம் மேல்நோக்கிப் பார்க்க வேண்டும் என்பதற்காக. அங்கிருந்து திறப்பு வரை காற்று சிதறாமல் போக மாமா ஜி.ஐ. தகட்டில் கூண்டு அடித்தார். மடிப்பு ஒவ்வொன்றையும் மரச்சுத்தியால் தட்டி, விரலால் தடவிப் பார்த்துத்தான் அடுத்ததற்குப் போனார்.

கூண்டு இல்லாமல் வெறும் ஓட்டை போட்டால் பயன் பாதிதான். ரேடியேட்டரின் நாலு பக்கமும் நுரைப் பட்டை வைத்து அடைக்கவும் வேண்டும். விரல் நுழையும் சந்து இருந்தால்கூடக் காற்று அதன் வழியாக நழுவிவிடும். செலவே இல்லாத வேலை, பலரும் விட்டுவிடும் வேலையும் இதுதான். திறப்பின் மேல் கொசுவலை மாதிரி நெருக்கமான வலையும் வேண்டாம், வெட்டிக் கிடைத்த பரப்பில் பெரும்பகுதியை அது தின்றுவிடும்.

அப்புறம் மே மாதக் கத்திரி வெயிலில் திரும்பக் கோவை போனோம். பத்து சுற்று, கூலன்ட் 95-ஐத் தாண்டவில்லை. நீண்ட வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளுவதும் குறைந்தது. கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போதும் மின்விசிறி தள்ளும் சூடு மேலே போய்விடுகிறது. முன்பெல்லாம் அடியில் இறங்கி மறுபடி மூக்குக்கே வரும்.

தொந்தரவுகளும் உண்டு. முன்னால் பை வைக்கும் இடம் போய்விட்டது. ஐப்பசி மழையில் திறப்பு வழியாகத் தண்ணீர் நேராக உள்ளே வரும். ரேடியேட்டர் நனைந்தால் ஒன்றுமில்லை, ஃபியூஸ் பெட்டியும் பிரேக் ஆயில் டப்பாவும் அங்கே இருந்தால் இடம் மாற்றிவிடுங்கள், கூண்டின் அடியில் வடிகால் துளை போடுங்கள். எஞ்சினுக்குக் காற்று எடுக்கும் வாய் கதவுக்குப் பின்னால் பக்கவாட்டில் இருந்தால், பானெட்டிலிருந்து வரும் சூடு அங்கே போகிறதா என்று நூல் ஒட்டிப் பாருங்கள். எங்களுடையதில் போனது, வாயை உயர்த்தி வைத்தோம்.

உங்கள் கார் பதிவு எண் உள்ள, ரோட்டில் ஓடும் கார் என்றால் வெட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைப் பற்றியது. பட்டறைக்காரர்கள் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஏர் லாக் எடுத்து, சந்துகளை அடைத்து, அதற்குப் பிறகும் முள் ஏறினால் டியூபைக் கட்டி அளந்து பாருங்கள். எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர், ரேடியேட்டர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, முன் வாயின் அளவு என்ன என்று எழுதினால், வெட்ட வேண்டிய இடத்தை மாமாவிடமும் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.