காலிமுகத்திடலில் விடியற்காலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த தோழிகள் நால்வர், வரும் ஜனவரியில் ஒரு நாள் காலிமுகத்திடலில் கூடி, சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்க்க விரும்புகிறோம். எத்தனை மணிக்குப் போக வேண்டும்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: சகோதரி, கட்டாயம் போய் வாருங்கள். ஆனால் நீங்கள் நினைக்கும் காட்சி அங்கே கிடைக்காது. கொழும்பு மேற்குக் கரையில் இருப்பதால் நமது கடலில் சூரியன் மறையுமே தவிர உதிப்பதில்லை. அதைக் காணத் திருகோணமலைக்கோ மட்டக்களப்புக்கோதான் போக வேண்டும். காலிமுகத்திடலில் கடலைப் பார்த்து நின்றால், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், பேரே வாவிக்கு அப்பால் எழும்.

இதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டாம். ஜனவரி இறுதியில் இங்கே சூரியன் 6.25 மணியளவில் உதிக்கிறது. 6 மணிக்கு முன்பே வந்து கடலோர மதிலருகே நின்றுகொள்ளுங்கள். பின்னாலுள்ள உயர்ந்த கட்டடங்களின் நிழல் கரையோரத் தண்ணீரின் மீது படிந்திருக்கும்போதே, தொலைவில் நிற்கும் கப்பல்களின் உச்சியில் முதல் வெயில் பட்டுவிடும். பிறகு நிழல் கரையை நோக்கிச் சுருங்கச் சுருங்க, சாம்பல் நிறத்தில் கிடந்த நீர் தூரத்திலிருந்து ஒவ்வொரு பட்டையாகப் பச்சை நிறம் கொள்ளும். கீழ்வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைத் தவறவிட்டு விடுகிறார்கள்.

கடலில் ஏதேனும் ஒன்று இறங்குவதைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால், பௌர்ணமியைத் தெரிவு செய்யுங்கள். முழுநிலவு சூரியனுக்கு நேரெதிரே நிற்பதால், சூரியன் எழும் வேளையை அண்டித்தான் அது மறையும். அதாவது, நமது கரையில் அது கடலுக்குள் இறங்கும். போயா தினம் விடுமுறை என்பதால் நால்வருக்கும் வேலைத் தடையும் இராது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தைமாதப் போயா காலையில் நண்பர்களுடன் அங்கே நின்றேன். சுடுநீர்ப் போத்தலில் கொண்டுபோன பிளேன்டீயை ஊற்றி, ஆளுக்கொரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்த நாங்கள், நிலவு செம்மஞ்சளாகிக் கீழே சரியத் தொடங்கியதும் தாமாகவே பேச்சை நிறுத்திவிட்டோம். தேநீர் ஆறிப்போனதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை.

கேள்வி: என் மகள் தோழிகளுடன் விடியற்காலையில் கடற்கரைக்குப் போக அனுமதி கேட்கிறாள். மனம் ஒப்பவில்லை. அனுப்பலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அனுப்புங்கள், ஐயா. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கிய காலிமுகத்திடல் நடைபாதை 1859இல் நிறைவுற்றபோது, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காகத் தமக்குப் பின் வருவோர் அதைப் பேண வேண்டும் என்று அங்குள்ள கல்லில் பொறிக்கப்பட்டது. அந்த இடத்தில் உங்கள் மகளுக்கு உரிமை உண்டு. விடியும் முன்பே நடைப்பயிற்சிக்கு ஆட்கள் வந்துவிடுவதால் அவர்கள் தனித்து நிற்கவும் நேராது. போகவும் வரவும் நம்பிக்கையான ஒரு முச்சக்கரவண்டியை ஏற்பாடு செய்துகொடுத்தால் உங்கள் மனமும் அமைதிப்படும்.

நான் அஞ்சுவது வேறு இரண்டு விடயங்களுக்கு. காலிமுகத்திடலை விட்டு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் போனால், மரைன் டிரைவ் வீதிக்கும் கடலுக்கும் நடுவே கரையோர ரயில் பாதை ஓடுகிறது. இரட்டைத் தண்டவாளம் அது. அலையோசையில் ரயில் வரும் சத்தம் கேட்காமல் போகலாம். தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கவே கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். மற்றது குளியல். விடியற்காலையில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று கரையோர நீரை மட்டமாக வைத்திருக்கும். இரவில் தரை கடலைவிட விரைவாகக் குளிர்வதால் வரும் காற்று அது. பாய்மரக் காலத்து மீனவர்கள் அதைப் பிடித்தே கடலுக்குப் போனார்கள். அந்த அமைதியை நம்பி இறங்கியவர்களை அடியிலுள்ள நீரோட்டம் உள்ளே இழுத்துச் சென்றிருக்கிறது. காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். குளிக்கத்தான் வேண்டுமென்றால், உயிர்காப்பாளர் கடமையில் இருக்கும் இடத்தில், அவர் இருக்கும் நேரத்தில் மட்டும் இறங்கட்டும். இழுபட நேர்ந்தால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும் என்பதையும் அவள் தெரிந்துகொண்டு போகட்டும்.

கேள்வி: ஜூன் மாதத்தில் போனால் என்ன?
– வாசகர், தெஹிவளை

பதில்: மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நமது கரையை நேராகத் தாக்கும். அலை மதிலில் மோதி நடைபாதைவரை தெறிக்கும். வானமும் பெரும்பாலும் மூடியிருக்கும். சற்றுத் தள்ளி நின்று அந்த ஆர்ப்பரிப்பைப் பார்க்கலாம். அமைதியான கடலுக்கு டிசெம்பர் முதல் மார்ச் வரையான மாதங்களே ஏற்றவை.