சித்திரை வெயிலில் மாடித்தோட்டத்தில் என்ன பூக்கும்?

"மார்ச் வந்தாலே மாடியில் உள்ள பூச்செடிகள் வாடிவிடுகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் பூக்க என்ன செடி வைக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாடுவது எந்தச் செடி என்று முதலில் பாருங்கள். மார்கழி, தையில் நர்சரியில் பூவோடு வாங்கிய சாமந்தி, பெட்டூனியா என்றால் விட்டுவிடுங்கள். சாமந்தி மொட்டு வைக்க இரவு நீளமாக இருக்க வேண்டும். இப்போது எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இலைதான் மிஞ்சும்.

நான் இருப்பது திருச்சி. இங்கே சித்திரையில் 40 டிகிரி சாதாரணம். அதற்கு அசராத செடி என்றால் எனக்கு முதலில் மல்லிதான். மற்றதெல்லாம் அப்புறம்.

குண்டுமல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். அதனால் கோடையில் எவ்வளவு பூக்கும் என்பது குளிர்காலத்தில் கிளைகளைக் கத்தரித்துவிடுவதைப் பொறுத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்யச் சொல்கிறது. பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. அது வயலுக்குச் சொன்ன கணக்குதான், ஆனால் தொட்டிச் செடிக்கும் பொருந்தும். வீட்டில் யாருக்கும் வெட்ட மனசு வராது. பச்சைப்பசேலென்று நிற்பதை மொட்டையடிப்பதா என்பார்கள். வெட்டாத செடி கொடியாக நீண்டுகொண்டே போகும், பூ நாலைந்தோடு நின்றுவிடும்.

இப்போது சித்திரை வந்துவிட்டதே என்றால், பூத்து ஓய்ந்த நுனிகளை மட்டும் இரண்டு கணு கிள்ளிவிடுங்கள். பக்கத்தில் துளிர்த்து அடுத்த சுற்று மொட்டு வரும். முழு வெயிலில் வையுங்கள். நிழல்வலைக்கு அடியில் மல்லி வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்பவர்கள் நிறைய பேர். சாணி உரத்தையும் அள்ளிப் போடாதீர்கள், இலைதான் கொழுக்கும். மொட்டு ஊதா நிறமாகி உள்ளே ஓட்டை தெரிந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலம் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

காகிதப்பூவுக்கு நேர்மாறான வைத்தியம். தினமும் தண்ணீர் காட்டினால் பூக்காது. மேல்மண் நன்றாகக் காய்ந்து இலை லேசாகத் தொங்கும்போது ஊற்றுங்கள், சிவந்து நிற்கும். அரளி, இட்லிப்பூ, நந்தியாவட்டை மூன்றும் அதிகம் தொந்தரவு தராதவை. அரளி நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் யோசித்து வையுங்கள். டேபிள் ரோஸ் இருக்கிறதே, பத்துமணிப் பூ, அதற்குக் காசே செலவழிக்க வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு துண்டு தண்டு ஒடித்துக் கேளுங்கள், ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். வெயில் ஏறினால் விரியும், மாலைக்குள் சுருங்கிவிடும்.

செம்பருத்திதான் கோடையில் படுத்தும். ஒருநாள் தண்ணீர் தவறினால் மொட்டு உதிரும், போதாததற்கு மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள், ஏறினால் மேலே பூச்சி இருக்க வாய்ப்பு அதிகம். ரோஜாவுக்கு மதியத்துக்கு மேல் நிழல் கொடுங்கள். பூ சிறுத்துத்தான் வரும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

தண்ணீரை விடிகாலையில் ஊற்றிவிடுங்கள். சாயங்காலம் ஊற்றினால், மாடிக் குழாயில் தேங்கிய வெந்நீரை முதலில் வாளியில் பிடித்து ஆறவிடுங்கள். தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுத்தால் தரைச்சூடு வேரில் ஏறாது. காய்ந்த தேங்காய்நாரோ சருகோ மேல்மண்ணில் பரப்பினால் ஈரம் நிற்கும்.

இன்னொன்று. குளிர்காலத்தில் இலையெல்லாம் பட்டுப்போய் வெறும் மண்ணாகக் கிடக்கும் தொட்டியில் மே லில்லிக் கிழங்கு இருந்தால் கொட்டிவிடாதீர்கள். கோடை மழை ஒன்று விழுந்தால் போதும், பெரும்பாலும் இலைக்கு முன்பே தண்டு வந்து, சிவப்புப் பந்து மாதிரி பூக்கும். ஒரு வாரம் நிற்கும், அவ்வளவுதான். அடுத்து மறு வருஷம்தான். பவளமல்லியை மட்டும் இந்தப் பட்டியலில் தேடாதீர்கள், அதற்கு மழைக்காலம் வரவேண்டும்.