தோட்டக் கேள்வி: பியோனிக் கிழங்கு

கேள்வி: கனடாவில் அக்காவின் வீட்டில் பியோனி என்ற குளிர்நாட்டுப் பூச்செடி அள்ளிப் பூக்கிறது. செப்டம்பரில் போகும்போது கிழங்கைப் பிரித்து, திருகோணமலைக்குக் கொண்டுவந்து பூச்சாடியில் வைக்கலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, பிரிக்கச் செப்டம்பர் அருமையான காலம். தண்டுகளை வெட்டிவிட்டு, செடியிலிருந்து சற்றுத் தள்ளிச் சுற்றிவரத் தோண்டுங்கள். மண்ணைக் கழுவினால் சிவந்த முளைக்கண்கள் தெரியும். கூரான கத்தியால், ஒரு துண்டுக்கு 3 முதல் 5 கண்களும் தடித்த வேரும் இருக்கும்படி வெட்டுங்கள். அக்கா வீட்டிலேயே சாடியில் வைப்பதானால், சாடி ஆழமாக இருக்கட்டும், தண்ணீர் தேங்கக்கூடாது. கண்களுக்கு மேல் 2 அங்குலத்தைத் தாண்டி மண் போடவே வேண்டாம். ஆழமாகப் புதைத்தால் இலைதான் வரும். பூவுக்கு இரண்டு மூன்று வருடம் பொறுக்கவேண்டும், அக்காவிடம் சொல்லிவையுங்கள்.

ஆனால் இங்கே கொண்டுவராதீர்கள். பியோனி பூக்க வாரக்கணக்கில் கடுங்குளிர் வேண்டும். நம் மார்கழிக் குளிர் அதற்குக் காணாது. அனுமதியில்லாமல் கிழங்கு கொண்டுவரவும் கூடாது. கிழங்கு நடும் ஆசைக்குக் கார்த்திகைப்பூ இருக்கிறதே! மணல் கலந்த மண்ணே அதற்குப் பிடிக்கும். முளை நுனியில் இருப்பதால் நுனி முறியாமல் எடுங்கள். கிழங்கு கொடிய நஞ்சு. கையுறை போடுங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்.