துளை சிறிதா, கீறல் பெரிதா: எலும்பு மூட்டு அறுவை குறித்த கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் எலும்பு மூட்டு அறுவை மருத்துவராகப் பணிபுரியும் நான், நெல்லை, தென்காசி மாவட்டத்து அன்பர்கள் கேட்டவற்றுக்கு விடை எழுதுகிறேன்.

முக்கூடல், பீடி சுற்றும் பெண்மணி: முப்பது வருடமாகச் சம்மணமிட்டுப் பீடி சுற்றுகிறேன். இரண்டு முட்டியும் தேய்ந்திருப்பதாக எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். துளை போட்டு உள்ளே கழுவினால் வலி போய்விடும் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா, டாக்டர்?

வேண்டாம் அம்மா. ஆர்த்ரோஸ்கோப்பி எனப்படும் அந்தச் சிகிச்சையில், ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேமராக் குழாயை மூட்டுக்குள் செலுத்தி, உப்பு நீரைப் பாய்ச்சி, திரையில் பார்த்தபடியே வேலை செய்கிறோம். அது அருமையான கருவி. ஆனால் தேய்மானத்துக்கு உரிய மருந்து அதுவல்ல. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், மூட்டைக் கழுவிக்கொண்டவர்களுக்கும், தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பப்பட்டவர்களுக்கும் வலி குறைந்ததில் வேறுபாடே காணப்படவில்லை. தேய்ந்த குருத்தெலும்பு கழுவுவதால் திரும்ப வளராது என்பதுதான் காரணம். நீங்கள் முதலில் தரையை விட்டு எழுந்து, சொளகை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்து சுற்றப் பழகுங்கள். தொடைத் தசைக்கான பயிற்சியை ஃபிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். அதன் பிறகும் இரவில் வலி தூக்கத்தைக் கெடுத்து, கடைத்தெருவரைகூட நடக்க முடியாத நிலை வந்தால், மூட்டு மாற்று அறுவையைப் பற்றிப் பேசலாம்.

ஆலங்குளம், கபடி ஆடும் இளைஞர்: பிடி விழுந்தபோது முட்டிக்குள் 'டக்' என்று கேட்டது. ஸ்கேனில், முட்டிக்குள் எலும்புகளை இணைக்கும் ஏசிஎல் ஜவ்வு அறுந்திருக்கிறது. துளை வழியாகத்தான் அறுவை செய்வார்கள் என்பதால் ஒரு மாதத்தில் களம் இறங்கலாமா?

இறங்கக் கூடாது தம்பி. திரையில் பார்க்கும்போது, அறுந்த ஜவ்வின் நுனி பிரிந்த தேங்காய் நார்க் கயிறு போல நீரில் அலைந்துகொண்டிருக்கும். அதை இழுத்துத் தைத்தால் பெரும்பாலும் நிற்பதில்லை. ஆகவே உங்கள் தொடையின் பின்புறத்திலிருந்தே தசைநாரை எடுத்து, எலும்பில் துளையிட்டு, அந்த இடத்தில் புதிய ஜவ்வாகப் பொருத்துகிறோம். தோல் காயம் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். உள்ளே வைத்த தசைநாரோ, புது இரத்த ஓட்டம் பெற்று ஜவ்வாக மாறுவதற்கு முன் சில மாதங்கள் வலுவிழந்தே இருக்கும். வெளியே தழும்பு சிறிதாகத் தெரிவதாலேயே பலர் அவசரப்பட்டு அதை மறுபடியும் அறுத்துக்கொள்கிறார்கள். ஒன்பது மாதமாவது பொறுத்திருங்கள்.

அம்பாசமுத்திரம், பேரன்: 78 வயது ஆச்சி வாசல்படியில் விழுந்து, தொடை எலும்பு இடுப்புக்குக் கீழே முறிந்துவிட்டது. இந்த வயதில் ஆபரேஷன் எதற்கு, கட்டுப் போட்டுப் படுக்கவைப்போம் என்கிறார்கள் உறவினர்கள்.

வயதைக் காரணம் காட்டித்தான் தள்ளிப்போடுகிறார்கள். அந்த வயதுதான் அறுவையை விரைவாகச் செய்வதற்கான காரணமே. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும். உயிரைப் பறிப்பவை முறிவைவிட இவையே. இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும். இடுப்பின் பக்கவாட்டில் சிறு கீறல்கள் போட்டு, சி-ஆர்ம் என்னும் எக்ஸ்ரே கருவியில் பார்த்தபடி, எலும்பின் உட்குழாய்க்குள் நீண்ட ஆணியைச் செலுத்துவோம். 1939இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் தொடங்கிவைத்த முறையின் வழிவந்தது இது. முறிந்த இடத்தைத் திறக்காமல் விடுவதில்தான் இதன் சிறப்பு இருக்கிறது. ஏனெனில் அங்கே உறைந்து கிடக்கும் இரத்தமும் சுற்றியுள்ள தசையும்தான் புது எலும்பு முளைக்கும் நாற்றங்கால். முறிவு எலும்பின் கழுத்துப் பகுதியில் இருந்தால், இடுப்பு மூட்டுக்குள் இருக்கும் அதன் பந்து போன்ற தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் அறுபட்டிருக்கும் என்பதால், பந்தையே மாற்ற நேரிடும். எதுவானாலும், பெரும்பாலும் மறுநாளே ஆச்சியை வாக்கர் பிடித்து நிற்கவைக்கலாம். தயவுசெய்து இன்றே அழைத்துச் செல்லுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குச் செல்வதில் தயக்கம் வேண்டாம்.

தென்காசி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: ரோபோ உதவியுடன் மூட்டு மாற்றினால் நெடுங்காலம் உழைக்குமா?

ரோபோ பெரும்பாலும் தானாக அறுப்பதில்லை ஐயா. திட்டமிட்ட அளவைத் தாண்டாமல் எலும்பைச் செதுக்க மருத்துவரின் கைக்கு அது துணை செய்கிறது. துல்லியம் கூடுவது உண்மை. அதனால் மூட்டு கூடுதல் ஆண்டுகள் உழைக்கும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. அனுபவமுள்ள கையைத் தேடுங்கள்.

அதே ஆசிரியர்: செயற்கை மூட்டின் விலையை எப்படிச் சரிபார்ப்பது?

கோபால்ட் குரோமியத்தால் ஆன முழங்கால் மூட்டுக்கு, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் வரி நீங்கலாக 54,720 ரூபாயை உச்சவரம்பாக விதித்தது. இப்போதைய வரம்பைக் கேட்டு ரசீதோடு ஒப்பிடுங்கள். மூட்டு வரும் பெட்டிகளில் தயாரிப்பு எண்ணுள்ள ஸ்டிக்கர் இருக்கும்; அதை நோயாளியின் கோப்பில் ஒட்டுவார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது அதன் நகலைக் கேட்டு வாங்கி எக்ஸ்ரேக்களோடு பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் அந்த மூட்டைத் திரும்பத் திறக்க நேர்ந்தால், எங்களுக்கு முதலில் தேவைப்படுவது அந்த எண்தான்.