கையெழுத்து வேறு, எழுத்து வேறு: கேள்வி பதில்

நான் பாம்பன்காரி. ஒன்றரை வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போனது. காலிப்பர், அதாவது காலைத் தாங்கும் கருவி, மாட்டித்தான் நடக்கிறேன். இருபது வருடமாகக் கதை, கட்டுரை எழுதுகிறேன். அதற்கு முன்பிருந்தே தெருக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். வைத்தியம் மட்டும் கேட்காதீர்கள்.

கல்லூரி மாணவி, தொண்டி: எழுத்தால்தான் தன்னம்பிக்கை வந்தது என்று சொல்வீர்களே, எப்படி அக்கா?

கரைவலை இழுக்கும்போது எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் கயிற்றைப் பிடிக்க ஓடும். நான் செருப்புக்குக் காவல். இருபது ஜோடி செருப்புக்கு நடுவில் உட்கார்ந்திருப்பேன். பெரியவர்கள் என்னை ஒரு ஆளாகவே நினைக்காமல் எல்லாக் கதையும் பேசுவார்கள். சாயங்காலம் வீட்டில் அம்மா காலிப்பரைக் கழற்றி, முட்டிப் பூட்டுக்குள் ஏறிய மணலைக் கோழி இறகால் தள்ளிவிட்டு, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவார். உப்புக் காற்றில் அந்தத் திருகாணி மாதத்துக்கு ஒரு தடவை துருப்பிடிக்கும்.

எட்டாம் வகுப்பில் கவிதைப் போட்டியில் பரிசு வாங்கினேன். என்னை மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் வாய் திறப்பதற்கு முன்பே கைதட்டினார்கள். கவிதைக்கு இல்லை, காலுக்கு. வீட்டுக்கு வந்து அழுதேன்.

அடுத்த வருடம் பக்கத்து வீட்டுச் சித்தி வந்தார். கடலுக்குப் போன சித்தப்பா திரும்பவில்லை. சித்தி கடல்பாசி எடுத்துப் பிழைக்கிறவர். உதவித்தொகை மனு இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் தாளில் முழுக்க அழுகை. அப்புறம் என்ன தேதி, யார் படகு, எந்த அலுவலகத்தில் கொடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, 'பொருள்', 'பார்வை' போட்டு, ஏழு வரியில் முடித்தேன். நாலு மாதத்தில் பணம் வந்தது. வந்த அன்றைக்குச் சித்தி அரைக் கிலோ நெத்திலியோடு வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அப்புறம் 'நொண்டிப் பிள்ளை வீடு' என்று வழி சொன்ன வாயெல்லாம் 'மனு எழுதுற பிள்ளை வீடு' என்று சொல்ல ஆரம்பித்தது. பரிசு கொடுக்காத தைரியத்தை அந்த ஏழு வரி கொடுத்தது.

ஒரு தாய், உச்சிப்புளி: மகன் ஒன்பதாம் வகுப்பு. மூளை முடக்குவாதத்தால் கை நடுங்கும். நிறையக் கதை சொல்வான். கையெழுத்து புரியவில்லை என்று மார்க் போட மறுக்கிறார்கள்.

கையெழுத்து வேறு, எழுத்து வேறு அம்மா. அவன் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். ஒரே நிபந்தனை: அவன் வாக்கியத்தைத் திருத்தக் கூடாது. போனில் தமிழில் பேசினால் எழுத்தாக மாறும் வசதியும் இருக்கிறது. 'ழ'வில் கொஞ்சம் தடுமாறும், திருத்திக்கொள்ளலாம்.

தேர்வு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். சொல்வதை எழுதுபவர் வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று 2018-இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பத்தாம் வகுப்பு வரும்வரை காத்திருக்காமல் தலைமையாசிரியரிடம் இப்போதே எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். ஊனம் 40 சதவீதம் இல்லையே என்று யாராவது இழுத்தால், அதற்காக மட்டும் சொல்வதை எழுதுபவரை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருப்பதைச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போகும். மனுவாகக் கொடுங்கள்.

இளைஞர், கீழக்கரை: எனக்குப் பார்வை இல்லை. கணினியில் கதை எழுத முடியுமா?

முடியும். என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம், தமிழும் வாசிக்கும். அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள் தம்பி, எனக்குக் கால் விஷயம்தான் தெரியும். அதைத் தினமும் பயன்படுத்தும் பார்வையற்ற ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். பார்க்கிறவர்கள் சொல்லிக்கொடுத்தால் 'அந்த நீல பட்டனை அழுத்து' என்பார்கள்.

வாசகர், பரமக்குடி: தொகுப்பு நூலில் என் கவிதை வர 1,500 ரூபாய் கேட்கிறார்கள். சான்றிதழும் உண்டாம்.

கொடுக்காதீர்கள். எழுதியவர் காசு கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

வாசகர், தேவிபட்டினம்: தினமும் எத்தனை பக்கம் எழுதினால் தன்னம்பிக்கை வரும்?

இது கஷாயம் இல்லை ஐயா, வேளைக்கு இவ்வளவு என்று சொல்ல.

ஆசிரியர், ராமநாதபுரம்: 'நொண்டி' என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். 2010-இலேயே தமிழக அரசு 'மாற்றுத்திறனாளி' என்று மாற்றிவிட்டது. எழுதுகிறவர்களே இப்படிச் செய்யலாமா?

மனுவில் நானும் 'மாற்றுத்திறனாளி' என்றுதான் எழுதுகிறேன், துறையின் பெயரே அதுதானே. கதையில் எழுத மாட்டேன். எனக்கு என்ன மாற்றுத் திறன் இருக்கிறது? கால் நடக்காது, பதிலுக்குப் பறக்கவா தெரியும்? டெல்லிக்காரர்கள் இன்னும் மேலே போய் 'திவ்யாங்' என்கிறார்கள், தெய்வ உறுப்பாம். தெய்வக் காலுக்குப் பஸ்ஸின் முதல் படி ஏன் இவ்வளவு உயரம்?

ஒரு பத்திரிகை என் கதையின் கடைசி வரியை வெட்டிவிட்டு 'ஊனம் ஒரு தடையல்ல' என்று சேர்த்தது. தடைதான். மழை நாளில் எங்கள் சந்து வழியாக வந்து பாருங்கள்.

அதே ஆசிரியர்: அவமதித்தால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தண்டனையே உண்டு.

உண்டு, 92-ஆவது பிரிவு. ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. ஆனால் அது அடுத்தவரைப் பொதுவில் வேண்டுமென்றே அவமானப்படுத்துவதற்கு. என்னை நானே சொன்னதற்கு என் மேல் நானே புகார் கொடுக்க வேண்டுமா?

சக்கர நாற்காலியில் இருப்பவர், மண்டபம்: குறுக்கே வருகிறேன் அக்கா. பள்ளியில் என் பெயரை யாரும் சொன்னதில்லை, பட்டப்பெயர்தான். 'மாற்றுத்திறனாளி' என்று அச்சடித்த அட்டை கைக்கு வந்த அன்றைக்குத்தான் கடைத்தெருவுக்குத் தனியாகப் போனேன். அந்தச் சொல்லைக் கேலி செய்யாதீர்கள்.

சரி தம்பி, இது எனக்கு உறைக்கிறது. என்னைக் கூப்பிட வேறொரு பெயர் ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிட்டது, அதனால் பழைய சொல்லை வைத்து விளையாட முடிகிறது. பறக்கவா தெரியும் என்றதை வாபஸ் வாங்குகிறேன். பஸ் படியை வாங்க மாட்டேன்.

வாசகி, திருப்பாலைக்குடி: கதையில் வருகிற மீனவர் என்ன சொல்வார் என்பதுதானே கேள்வி?

அதேதான். வலை இழுக்கிறவர் வாயில் 'மாற்றுத்திறனாளி'யை வைத்தால் அவர் கலெக்டர் ஆபீஸ் கிளார்க் ஆகிவிடுவார். ஆசிரியர் ஐயா, இதற்கு மேல் நேரில் வாருங்கள், டீ போட்டுப் பேசலாம்.

வாசகர், முதுகுளத்தூர்: தன்னம்பிக்கை எப்படி வந்தது?

மேலே முதல் பதில்.

வாசகி, ஏர்வாடி: 2,000 ரூபாய் கட்டினால் உலக சாதனைப் புத்தகத்தில்…

பரமக்குடிக்காரருக்குச் சொன்னதுதான். காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 500 என்றாலும் கொடுக்காதீர்கள். மூன்றாவது ஆள் கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

பதினேழு வயதுப் பெண், தங்கச்சிமடம்: எனக்கும் கால்தான் அக்கா. வீட்டைவிட்டு அதிகம் போனதில்லை. எதைப் பற்றி எழுதுவேன்?

உன் ஜன்னல் கடல் பக்கமா, ரோட்டுப் பக்கமா? எந்தப் பக்கமானாலும் சரி. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு போகாது. அந்த நாட்களில் உங்கள் தெருவில் எந்தச் சத்தம் நின்றுபோகிறது, புதிதாக எந்தச் சத்தம் வருகிறது? சண்டை எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது? யார் வீட்டில் முதலில் நகை அடகுக்குப் போகிறது? நடக்கிறவர்களுக்கு இதெல்லாம் காதில் விழாது. ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பு. உன் காலைப் பற்றி ஒரு வரி வந்தால் வரட்டும், வராவிட்டால் விடு. படித்துவிட்டுத் திட்டி எழுதுவேன். காசு கேட்க மாட்டேன்.